நடு ஆக்சிஜன்

ஊறிய மொச்சையை விரலுக்கு நடுவில் வைத்து லேசாக அமுக்கினால் போதும், தோல் கையில் நின்றுகொள்ளும், பருப்பு வழுக்கிக்கொண்டு கிண்ணத்தில் விழும், கை பழகிவிட்டால் மனசு சும்மா இருக்கலாம், ஆனால் மதலேனுக்கு மனசு எங்கே சும்மா இருக்கிறது, அதுவும் பருப்போடு சேர்ந்து வழுக்கிப் போய் எதிரே இருக்கும் போனில் விழுகிறது. தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்திருக்கிறாள் போனை. அதற்குள்ளே மகன் பெலிக்ஸ் பலகைக்கு முன்னால் நிற்கிறான், நீலச் சட்டை, ஒரு கையில் சாக்பீஸ், வாய் பாதி திறந்தபடி. இன்னும் ஓட விடவில்லை. ஓட விட்டால் முடிந்துவிடும், முடிந்தால் யோசித்து முடித்த மாதிரி ஆகிவிடும், யோசித்து முடித்தால் பதில் சொல்ல வேண்டும். சாயங்காலம் அஸர் தொழுதுட்டுக் கூப்பிடறேம்மா, அதுக்குள்ள யோசிச்சு வைங்க, நீங்க என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம், என்று முபாரக் சொல்லியிருக்கிறான். இப்படிச் சொல்கிற பிள்ளையிடம்தான் ஒன்றும் சொல்ல முடியாமல் போகிறது. சண்டைக்கு வந்தால் சண்டை போடலாம். பக்கத்தில் பாயில் அவள் புருஷன் சூசைமாணிக்கம் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் முகத்தைச் சுவர்தான் பார்க்கிறது, மூணு மாசமாக.

முபாரக்கும் பெலிக்சும் காலேஜில் ஒன்றாகப் படித்தவர்கள், ஒன்றாகவே டியூஷன் வைத்தவர்கள், பதினொன்றாம் வகுப்பு வேதியியலைப் பாடம் பாடமாகப் படம் பிடித்து யூடியூபில் போட்டவர்கள். படம் பிடித்தது இந்த வீட்டு உள்ளறையில். பெலிக்ஸ் பேசுவான், முபாரக் போனைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் நிற்பான். ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் பெலிக்சைக் கொண்டுபோனது. பாடங்கள் இருக்கின்றன. அதில் ஓசோன் பாடத்தில் ஒரு கணக்கு தப்பு. முபாரக் காலையில் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னான். "தப்பா நினைக்காதீங்கம்மா. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அவன் சரியாச் சொல்லுவான். அன்னைக்கு என்னமோ தவறிருச்சு. எங்க ரெண்டு பேரு கண்ணுலயும் படல. பிள்ளைக அத அப்படியே அரைப் பரீட்சையில எழுதிட்டு வந்துருக்குக. கீழ சிவப்பு எழுத்துல திருத்தம் போட்டேன், எவன் படிக்கிறான், பாதிப் பேரு பஸ்ல காதுல மாட்டிக்கிட்டுக் கேக்குறானுக. அந்தத் துண்டை மட்டும் வெட்டிட்டு, அந்த இடத்தை நான் என் குரல்ல சொல்லிப் போட்டுர்றேன்." பிறகு, "அந்தத் துண்டுலதாம்மா நீங்க இருக்கீங்க" என்றான். அவளுக்குத் தெரியாதா. அத்தனை பாடத்திலும் பெலிக்ஸ் வாயில் அம்மா என்று வருகிற ஒரே இடம் அது. அவள் அடுப்படியிலிருந்து சாப்பிடக் கூப்பிடுவாள், அவன் பலகையிலிருந்து திரும்பாமலே, இந்தா வந்துட்டேம்மா என்பான். "அத உங்க போனுக்குத் தனியா அனுப்பிர்றேம்மா, உங்ககிட்ட பத்திரமா இருக்கும்" என்றான் முபாரக். பத்திரமாகத்தான் இருக்கும். பெலிக்சின் மூக்குக் கண்ணாடி பீரோவில் பத்திரமாக இருக்கிறது. சட்டை இருக்கிறது, ஹெல்மெட் இருக்கிறது. ஆனால் இது அப்படி இல்லையே. எங்கேயோ பேர் தெரியாத ஊரில் ஒரு பிள்ளை பாடம் கேட்கிறது, அங்கே அவன் இந்தா வந்துட்டேம்மா என்கிறான். ராமநாதபுரத்தில் சொல்கிறான், ஓசூரில் சொல்கிறான், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற பையன் காதில் சொல்கிறான். உலகத்தில் ஏதாவது ஓர் இடத்தில் எந்த நேரமும் அவன் சாப்பிட வந்துகொண்டே இருக்கிறான். அதை எடுத்து இந்தப் போனுக்குள் வைத்துப் பூட்டினால், அது அவளுக்கு மட்டும் கேட்கும். அவளுக்கு மட்டும் கேட்கிற குரல் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

சேலையில் விரலைத் துடைத்து ஓட விட்டாள். ஈர விரலுக்குப் போன் கேட்காது. சத்தத்தைக் குறைத்தே வைத்திருக்கிறாள், அவர் தூங்குகிறார். முறைசார் மின்சுமை, பேரைக் கேட்டுப் பயப்படாதீங்க, என்று ஆரம்பிக்கிறான். ஒரு அணுகிட்ட மொதல்ல எத்தனை எலக்ட்ரான் இருந்துச்சு, இப்ப எத்தனை இருக்கு, அந்த வித்தியாசம், அவ்வளவுதான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் மதலேன், ஆனால் இந்தப் பாடம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அந்தக் காலத்துப் பெரியவர்கள் லத்தீன் பூசையை அர்த்தம் தெரியாமலே முழுசும் சொன்னார்களாம், அது மாதிரி. எலக்ட்ரான் என்றால் என்ன என்று கேட்டால் தெரியாது. மொதல்ல எத்தனை இருந்துச்சு, இப்ப எத்தனை இருக்கு. அது மட்டும் தெரியும். மூன்று தட்டு இருந்தது, இப்போது இரண்டு. கழுவி வைக்கும்போது ஒவ்வொரு நாளும் மூன்றாவது தட்டைத் தேடுகிற கை. பருப்பு ஒன்று கிண்ணத்துக்கு வெளியே தெறித்து அவர் பாய்க்கு அடியில் போனது. எடுக்கலாம், பிறகு எடுக்கலாம். ரெண்டு அணுவுக்கு நடுவுல பங்கு போட்ட எலக்ட்ரானை ஆளுக்குப் பாதின்னு வச்சுக்குவோம், என்கிறான். கணக்குக்காகத்தான். நிஜத்துல அப்படிச் சமமா இருக்காது. நிஜத்துல யாராவது ஒருத்தர் தன் பக்கம் இழுப்பாங்க. அதுக்குப் பேரு முனைவுத்தன்மை. எங்க வீட்டுல எங்களுக்கு ஒரே போர்வை. எங்க அக்காவும் நானும் படுத்தா விடியக்காலையில போர்வை பூரா என் மேல இருக்கும், எங்க அக்கா குளிர்ல சுருண்டு கிடக்கும். நான் குளோரின், எங்க அக்கா ஹைட்ரஜன். பிள்ளைகள் இதற்குச் சிரித்துச் சிரித்துக் கீழே எழுதியிருக்கிறார்கள், பாவம் சார் அக்கா, என்று. அக்கா ஜாஸ்பின் இப்போது திருப்பூரில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகளோடு. காரியம் எல்லாம் முடிந்து கிளம்பும்போது தம்பியுடையது என்று வாட்ச் கேட்கவில்லை, பைக் கேட்கவில்லை, அந்தப் பழைய போர்வையை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "அவன் எங்கம்மா இழுத்தான், நான்தான் அவன் பக்கம் தள்ளி விடுவேன், அவனுக்குத் தெரியாது" என்றாள். அப்படியும் உண்டோ அந்த ஹைட்ரஜனுக்கு. இழுக்கிறது என்று பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். கொடுத்தது என்று யாருக்குத் தெரியும். கணக்குக்காக ஆளுக்குப் பாதி. அடக்கத்தன்று சாமியாரும் சொன்னார், இந்தத் துக்கத்தை நாம் எல்லோரும் சமமாகப் பகிர்ந்துகொள்கிறோம் என்று. நல்ல மனுஷர், மனசறிந்துதான் சொன்னார். கோயில் நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போயிருந்தால் இந்நேரம் தீர்ந்திருக்க வேண்டும்.

பலகையில் ஹைட்ரஜன் தலைக்கு மேல் ஒரு சின்னக் கூட்டல் குறி போடுகிறான், குளோரின் தலைக்கு மேல் ஒரு கழித்தல் குறி. இந்த இடத்தில் அவள் எப்போதும் சிக்கிக்கொள்கிறாள். முதல் தடவை பார்த்தபோது அதைச் சிலுவை என்றுதான் நினைத்தாள், கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது, பிறகு பாடம்தானே என்று வெட்கமாக இருந்தது. இழுத்துக்கொண்டவனுக்கு மைனஸ். இழந்தவனுக்குப் பிளஸ். ஏன்டா அப்படி, கூட வச்சிருக்கிறவனுக்குத்தானே கூட்டல் போடணும், என்று அவன் இருந்தபோது கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். எலக்ட்ரானே மைனஸும்மா, அது போச்சுன்னா பிளஸ், என்று முபாரக் சொன்னான். அவளுக்கு அது நிற்கவில்லை. அவளுக்கு நின்றது இவ்வளவுதான், எவன் கையை விட்டுப் போகிறதோ அவன் தலையில் ஒரு சிலுவை வைக்கிறார்கள். மாதாவே, உங்களுக்கும் வச்சாங்க. ஆனா உங்க பிள்ளை மூணாம் நாள் வந்துட்டாரே. நினைத்த உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். மன்னியும் தாயே, வாய் இல்லை, மனசுதான். மங்கள வார்த்தை ஜெபம் ஒன்று சொன்னாள், பருப்புக்கு ஒன்றாக இன்னொன்று சொன்னாள், கொஞ்ச நேரம் ஜெபமாலையே கிண்ணத்துக்குள் விழுந்துகொண்டிருந்த மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் சொன்னாள், கண்ணாடிக் கதவுக்கு வெளியே. உள்ளே அவர்களும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ரத்தத்துல தட்டணு குறையுதும்மா என்றார்கள், ஏறும் என்றார்கள், மறுபடி குறையுது என்றார்கள். ஒரு தடவை அவளை உள்ளே விட்டபோது அவன் கண்ணைத் திறந்து, என்னம்மா இவங்க என்னையவே கணக்குப் போட்டுட்டு இருக்காங்க, என்றான். சிரித்தான். அதுதான் கடைசியாகச் சிரித்தது. பருப்பைப் பிதுக்கு, மதலேன், பருப்பைப் பிதுக்கு.

இனிமேல் அந்த இடம் வரும். அவளுக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும். ஓசோன், மூணு ஆக்சிஜன், என்று மூன்று வட்டம் போட்டு, நடுவில் இருக்கிறவனை மொதல்ல பார்ப்போம், என்கிறான். நடு ஆக்சிஜன். அவன்கிட்ட மொதல்ல இருந்தது ஆறு. அதுல யாரோடயும் பங்கு போடாம தனியா வச்சிருக்கிறது முழுசா அவனுக்கே, அதுல யாரும் கை வைக்கக் கூடாது. பங்கு போட்டதுல மட்டும் பாதி. தெளிவாகச் சொல்கிறான், விரலை ஆட்டி ஆட்டிச் சொல்கிறான், அப்போது உள்ளேயிருந்து ஒரு பொம்பளைக் குரல், முரட்டுக் குரல், தன்னுடையதா என்று ஒவ்வொரு தடவையும் ஆச்சரியம், "ஏய்யா பெலிக்சு, சோறு ஆறுது, வாய்யா." அவன் திரும்பாமலே, "இந்தா வந்துட்டேம்மா." குக்கர் விசில் ஒன்று. முபாரக் சிரிப்பை அடக்குகிறது போனே ஆடுவதில் தெரிகிறது. அதற்குப் பிறகு பெலிக்ஸ் பசியோடு கணக்குப் போடுகிறான். தனியா இருக்கிறது ரெண்டு, பாதி ஒண்ணு. பங்குல ஆறு, பாதி மூணு. ஆறுல நாலு போனா ரெண்டு. பிளஸ் ரெண்டு. வட்டத்துக்கு மேல் எழுதி, சரி செல்லங்களா, மிச்சத்தை நீங்க போடுங்க, மூணையும் கூட்டினா பூஜ்யம் வரணும், வரலேன்னா எங்கயோ தப்பு, திரும்பிப் போய்ப் பாருங்க, என்று கையைத் தட்டித் தூசி பறக்கவிட்டு நகர்ந்து போகிறான். யாரோடும் பங்கு போடக் கூடாததைப் பாதியாக்கிவிட்டான். அவ்வளவுதான் தப்பு. அவன் அப்படித்தான். காய்ச்சலோடு போய் இடைப்பருவப் பரீட்சைக்கு வகுப்பு எடுத்தவன். தனக்கென்று வைத்துக்கொள்ள வேண்டியதில் பாதியை யாருக்கோ கொடுத்துவிட்டு வந்து, ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் அசதி, என்றவன். வரலேன்னா எங்கயோ தப்பு, திரும்பிப் போய்ப் பாருங்க. பார்த்துவிட்டாள் அய்யா. எத்தனை தடவை பார்த்துவிட்டாள். காய்ச்சல் வந்த அன்று மிளகு ரசம் கொடுத்தாள், அதில் தப்பில்லை. மறுநாள் டாக்டரிடம் கூட்டிப் போனாள், அதில் தப்பில்லை. நிலவேம்பு கொடுத்தாள். போகாதே என்று சொன்னாள். வாசலில் மறித்தும் நின்றாள், போயிட்டு வந்துர்றேம்மா என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனான். அவன் சொன்ன மாதிரியே ஒவ்வொரு படியாகத் திரும்பிப் போய்ப் பார்க்கிறாள், எந்தப் படியிலும் தப்பு தட்டுப்படவில்லை, கூட்டினால் மட்டும் பூஜ்யம் வரவில்லை. தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டால்கூடப் போதும், அதை ஒரு சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவாள். படத்துக்குக் கீழே ஓடுகிற கோட்டை விரலால் பின்னுக்கு இழுத்தாள். அதிகமாக இழுத்துவிட்டாள், போர்வைக்கே போய்விட்டது. மறுபடி முன்னுக்கு. நடு ஆக்சிஜன். ஏய்யா பெலிக்சு.

"சத்தமா வையி."

மதலேனுக்குக் கையிலிருந்த பருப்பு நழுவியது. சூசைமாணிக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "நீங்க தூங்கலையா?" என்றாள். "அந்த இடத்தை மட்டும் சத்தமா வையி. நீ தெனமும் கொறச்சு வைக்கிற, எனக்கு உன் சத்தம் மட்டும்தான் கேக்குது." மூணு மாசமாகத் தூங்குகிறார் என்று நினைத்திருந்தாள். பாடத்தைப் போட்டால் அவருக்குத் தாங்காது என்று சத்தத்தைக் குறைத்துக் குறைத்து வைத்திருந்தாள், அவரோ சுவர் ஓரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே பாடத்துக்கு. சத்தத்தைக் கூட்டினாள். இந்தா வந்துட்டேம்மா என்று வீடு முழுக்கக் கேட்டது. அவருடைய கால் விரல் ஒரு தடவை மடங்கி விரிந்தது. "நல்லாத்தான் இருக்கான்" என்றார். பிறகு, "அந்தப் பையன் என்ன கேட்டான், வெட்டட்டுமான்னா?" "ஆமா." "நீ என்ன சொல்லப் போற?" "நீங்க சொல்லுங்க." "உன்னையத்தானே கூப்பிடுறான் அதுல" என்றார். முதுகு மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எட்டிப் பாய்க்கு அடியில் போன பருப்பைத் தேடி எடுத்தாள். கையை அவர் முதுகில் வைக்கலாமா என்று நினைத்தாள். ஈரக் கை. வைத்தாள்.

பிள்ளைகள் எழுதுவதையும் அவள் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். இங்கிலீஷ் எழுத்தில் இருந்தால் விட்டுவிடுவாள், தமிழில் இருந்தால் ஒன்றையும் விட மாட்டாள். பெலிக்ஸ் போய்விட்டதை முபாரக் அங்கே போடவில்லை. போட வேண்டும் என்றுதான் மூணு தடவை எழுதினேம்மா, விரல் வரல, என்றான். அதனால் அவர்களுக்குச் சார் இருக்கிறார். சார் அம்மா கூப்பிடுறாங்க, ஓடுங்க சார், என்று ஒரு பையன். சார் விசில் எண்ணிட்டீங்களா, என்று இன்னொருவன். மகாஸ்ரீ என்று ஒரு பிள்ளை, மலை ஊர்க்காரி, போன வருஷம் எழுதியிருக்கிறது, அம்மா இன்னைக்கு என்ன குழம்பு? சாரிடம் கேட்கவில்லை, அம்மா என்று நேராக இவளைத்தான் கேட்டிருக்கிறது. அதற்கு யாரும் பதில் போடவில்லை. இவளுக்குப் போடத் தெரியாது. அதே பிள்ளை போன வாரம் மறுபடி எழுதியிருக்கிறது. இதைத்தான் காலையிலிருந்து திறக்காமல் வைத்திருந்தாள், இப்போது திறந்தாள். சார், நீங்க சொன்ன மாதிரி பிளஸ் ரெண்டுன்னு எழுதினேன், தப்புன்னு அடிச்சுட்டாங்க. எங்க ஸ்கூல்ல கெமிஸ்ட்ரிக்கு டீச்சர் இல்ல சார், எனக்கு நீங்கதான். நான் உங்க பக்கம்தான் சார், திருத்தினவங்கதான் தப்புன்னு சொல்லிட்டேன். எல்லாரும் சிரிக்கிறாங்க. கீழே முபாரக் சரியான கணக்கை எழுதியிருந்தான். அதற்குக் கீழே அந்தப் பிள்ளை, நீங்க யாருங்க அண்ணா? பெலிக்ஸ் சார் சொல்லட்டும், என்று போட்டிருந்தது. மதலேன் அதை இரண்டாம் தடவை படித்தாள். என்ன பிடிவாதம். ஒரு வகுப்பு முழுக்கச் சிரிக்க, தனியாக எழுந்து நின்று, என் சார் சொன்னது சரி என்று சொல்லியிருக்கிறது. அவன் இருந்தால் பதறியிருப்பான். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போயிருப்பான், அம்மா ஒரு நிமிஷம்மா, ஒரு பிள்ளை தப்பா எழுதிருச்சு, என்று. அவனால் எழுந்து வர முடியவில்லை. அந்த வட்டத்துக்கு மேல் அவன் இரண்டு பிளஸ் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனவன், போனவன் போனவன்தான், ஒவ்வொரு நாளும் அதே தப்பைச் சொல்லிவிட்டுத்தான் அவனால் அங்கிருந்து போக முடிகிறது. அவனை அங்கே அப்படி நிறுத்தி வைத்திருப்பது யார். அவள் குரலுக்காக, அவள் காதுக்காக. நடு ஆக்சிஜனுக்கு ஒரு பிளஸ்தான், முபாரக் தாளில் போட்டுப் படம் எடுத்து அனுப்பியிருந்தான், ஓரத்தில் இருக்கிற ஒருவனுக்கு மைனஸ் ஒன்று, இன்னொருவனுக்கு ஒன்றுமில்லை, கூட்டினால் பூஜ்யம். சரியாக வந்துவிடுகிறது. ஒரு சிலுவைதான் அதன் தலையில். இரண்டாவதை எடுக்கத்தான் வேண்டும்.

பள்ளிவாசலில் பாங்கு கேட்டு நேரமாகியிருந்தது. கிண்ணம் நிறைந்திருந்தது, தோல் ஒரு குவியலாக வெளுத்துக் கிடந்தது. இந்த வருஷத்து முதல் மொச்சை. போன் அதிர்ந்தபோது பெலிக்ஸ் முகம் மறைந்து முபாரக் பேர் வந்தது.

"அம்மா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சுப்பா. நீ?"

"ம். அப்பா எப்படி இருக்காங்க?"

"முழிச்சுத்தான் இருக்காரு." அவள் சூசைமாணிக்கத்தைப் பார்த்தாள். அவர் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "முபாரக்கு, அந்த மலையூர்ப் பிள்ளை இருக்குல்ல."

"மகாஸ்ரீயா. அது என்னைய யாருன்னு கேக்குதும்மா."

"அதுக்கு அவன் இல்லேன்னு சொல்லிருய்யா. பக்குவமாச் சொல்லு. பரீட்சை நேரம். அவன்தான் இந்தக் கணக்கைத் திருத்தச் சொன்னான்னு சொல்லு, அது பொய்யில்ல, அவன்தானே கடைசியில திரும்பிப் போய்ப் பாக்கச் சொல்றான்."

எதிர்ப்பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "சரிம்மா."

"வெட்டிருப்பா அந்த இடத்தை."

"அம்மா..."

"இரு, இரு. வெட்டுறதுக்கு முன்னால ஒண்ணு. அந்தப் பிள்ளை போன வருஷம் ஒண்ணு கேட்டிருந்துச்சு, என்ன குழம்புன்னு. யாரும் அதுக்குப் பதில் சொல்லல. நான் கூப்பிடுறதையே வெட்டிட்டா அது எதுக்குக் கேட்டுச்சுன்னு யாருக்கும் புரியாது. இருந்தாலும் போடு."

"என்னன்னும்மா போட?"

மதலேன் கிண்ணத்துக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது.

"பிதுக்குப் பருப்புக் குழம்புன்னு போடு. சார் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாருன்னு போடு."

எழுத்துகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நின்று, மறுபடி கேட்டது.

"போட்டுட்டேம்மா."

"சரிய்யா. இப்ப வெட்டு."